மிளகு தேடி வியட்நாம்: ஒரு வாரப் பயணம்

நாள் 1

ரொம்ப வருஷமா மனசுல கிடந்த பயணம் இது. எங்க ஊரு தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம், கீழ்பழனி மலை. காப்பிக்கு நடுவுல சில்வர் ஓக்குலயும் முருக்கு மரத்துலயும் தாத்தா காலத்துல இருந்து மிளகு ஏத்தி விட்டிருக்கோம். நான் சின்னப் பையனா இருந்தப்ப மிளகு விலை பேச்சு வந்தா "கொச்சின்ல என்ன ரேட்டு"ன்னுதான் பெரியவங்க கேப்பாங்க, இப்ப பத்து வருஷமா "வியட்நாம்ல என்ன ரேட்டு"ன்னு கேக்குறாங்க. 2015, 16ல கிலோ 700 ரூபாய்க்கு வித்த மிளகு 2019ல 300க்கு வந்து நின்னுச்சு. 500 ரூபாய்க்கு கீழ வெளிநாட்டு மிளகு இறக்கக் கூடாதுன்னு 2017 டிசம்பர்ல அரசாங்கம் உத்தரவு போட்டும் விலை நிக்கல. அந்த நேரம் பாத்து 2018 நவம்பர்ல கஜா வந்து மரமெல்லாம் சாஞ்சு, கொடியோட சேந்து தரையில கிடந்துச்சு. அப்பாவுக்கு அன்னைக்கு இருந்து வியட்நாம்ங்கிற பேரே ஆகாது.

எனக்கு மட்டும் நேர்ல போய் பாத்துரணும்னு இருந்துச்சு. நம்ம நாட்டுல ஹெக்டேருக்கு அரை டன் கூட சராசரி வரல, அவங்க ரெண்டரை டன் எடுக்குறாங்க. அதே கொடி, அதே காய். அதுவும் அந்தக் கொடி நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்துதான் உலகத்துக்கே போச்சு. அப்புறம் எப்படி?

திருச்சியில இருந்து சைகோனுக்கு (ஹோ சி மின் நகரம்) நேரடி விமானம் கிடைச்சுது, நடு ராத்திரி ஏறி காலையில இறங்கினேன். கிளம்புறப்ப அம்மா ஒரு சின்னப் பொட்டலம் குடுத்தாங்க, கல்லு உப்பு. சைகோன்லயும் மாரியம்மன் கோயில் இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க, கஜாவுக்கு அப்புறம் நேந்துக்கிட்ட உப்பு மிளகை அங்கயும் ஒரு வாட்டி போட்டுட்டு வாப்பான்னாங்க. "மிளகு எங்கம்மா?"ன்னு கேட்டேன், "அதான் அங்க விளையுதே, அங்கயே வாங்கிப் போடு"ன்னுட்டாங்க.

சைகோன் பத்தி இன்னைக்கு எழுத ஒண்ணுமில்ல, அசதி. ஒண்ணே ஒண்ணு மட்டும். மத்தியானம் சாப்பிட்ட கடையில ஒரு குட்டித் தட்டுல உப்பு, மிளகுத்தூள், பாதி எலுமிச்சை வச்சாங்க. எலுமிச்சையைப் பிழிஞ்சு குழைச்சு அதுல கறியைத் தொட்டுச் சாப்பிடணும். அவ்வளவுதான் மசாலா. மிளகோட வாசம் நேரா மூக்குல ஏறுது. இவங்க மொழியில மிளகுக்கு "தியேவ்"னு பேரு. இவ்வளவு மிளகு விளையிற நாட்டுல வீட்டுச் செலவுக்குப் போறது ரொம்பக் கொஞ்சம், நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல கப்பல் ஏறிருது.

நாள் 2

லோக் நின். சைகோனுக்கு வடக்க 130 கிலோமீட்டர் போல, கம்போடியா எல்லைக்குப் பக்கம், பழைய பின் ஃபுவோக் மாகாணம் (2025ல தோங் நாயோட சேத்துட்டாங்க). வழி நெடுக பிரெஞ்சுக்காரன் காலத்துல ஆரம்பிச்ச ரப்பர் தோட்டம், அதுக்கு நடுவுல திட்டுத் திட்டா மிளகு. கூட வந்த தம்பி சைகோன்ல காலேஜ் முடிச்சவர், இங்கிலீஷ் நல்லாப் பேசுவார், அவர் இல்லேன்னா இந்தப் பயணமே இல்ல.

இங்க ஒரு பெரியவர் தோட்டத்துக்குப் போனோம். தம்பி அவரை "பாக்"னு கூப்பிட்டார், கேட்டா அப்பாவோட அண்ணனாம். அப்பாவை விட வயசு கம்மின்னா "சூ"வாம். பெரியப்பா சித்தப்பான்னு நம்ம மாதிரியே பிரிச்சு வச்சிருக்காங்க, முன்னப் பின்ன தெரியாதவங்களைக் கூட பேர் சொல்லிக் கூப்பிடாம முறை சொல்லித்தான் கூப்பிடுறாங்க. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி கூச்சம் போயிருச்சு.

மிளகு இந்த நாட்டுக்கு ரொம்பப் பழசு, ஆனா தோட்டமா வச்சது 19ம் நூற்றாண்டுல, தெற்குக் கடைசியில ஹா தியேன், ஃபூ குவோக் தீவுப் பக்கம் சீனக் குடியேறிகள் வச்சதுன்னு சொல்றாங்க. அங்க இருந்து லோக் நின் வந்து, இந்த ஊர் பேர்லயே ஒரு ரகம் நின்னுருச்சு. இன்னொரு ரகம் வின் லின், அது நடு வியட்நாம் ஊர். பெரியவர் ஒரு கொடி கிட்ட கூட்டிட்டுப் போய் "ஆன் தோ, ஆன் தோ"ன்னார், இந்தியான்னு அர்த்தமாம். நீட்டுச் சரம், உருண்டு திரண்ட காய், நம்ம கேரளாவோட பன்னியூர் ரகக் கொடியைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. அந்த ரகத்துக்கு அவங்க வச்ச பேரே இந்திய மிளகுதான். கையில பிடிச்சுப் பாத்துட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்னேன்.

ஆனா பெரியவர் தோட்டத்துல பாதி இடத்துல மிளகுக்கு நடுவுல துரியன் கன்னு நிக்குது. இன்னும் நாலஞ்சு வருஷத்துல துரியன் மட்டும்தான் இருக்கும்னார். சீனாக்காரன் துரியனை அள்ளிட்டுப் போறான், ஒரு மரம் தர்ற காசை மிளகு தராதுன்னு கணக்குப் போட்டுக் காட்டினார். மறுத்துப் பேச என்கிட்ட ஒண்ணுமில்ல.

நாள் 3

முழு நாளும் பஸ். பூன் மா துவோட் வந்து சேர இருட்டிருச்சு. வழியில பழைய தக் நோங் மாகாணம் (2025ல லாம் தோங்கோட சேத்துட்டாங்க), இப்ப மிளகு அதிகமா விளையிற இடங்கள்ல இதுவும் ஒண்ணு. மண்ணு செக்கச் செவேல்னு, எரிமலைப் பாறை கரைஞ்சு உண்டான மண்ணு, ஆழமா, கையில எடுத்தா மாவு மாதிரி உதிருது. காப்பிக்கும் மிளகுக்கும் இதுக்கு மேல ஒரு மண்ணு கேக்க முடியாது. ஜன்னல் பக்கம் உக்காந்து அந்த மண்ணையே பாத்துட்டு வந்தேன். இங்க காப்பின்னா ரொபஸ்டா, ஊரே காப்பிக் கடை, காப்பித் தோட்ட ஓரத்துலயும் வரிசைக்கு நடுவுலயும் மிளகு ஏறி நிக்குது, எங்க வீட்டு ஞாபகம் வந்துருச்சு.

நாள் 4

இன்னைக்கு எழுதுறது கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

சுசே. ஜியா லாய் மாகாணம், பூன் மா துவோட்டுல இருந்து வடக்க 140 கிலோமீட்டர் இருக்கும். வியட்நாம் மிளகுன்னு உலகம் சொன்னா மனசுல வர்ற ஊரு இது. பேர்ல இருக்கிற "சு" இந்தப் பக்கத்துப் பழங்குடி ஜராய் மக்கள் மொழி, மலைன்னு அர்த்தம். 2015ல இங்க மிளகு கிலோ ரெண்டு லட்சம் டாங்குக்கு மேல போச்சு. நம்ம காசுக்கு இன்னைக்குக் கணக்குல 300 டாங் ஒரு ரூபான்னு வச்சுக்கோங்க. ஒரு ஹெக்டேர் வச்சிருந்தவன் மாடி வீடு கட்டினான், கார் வாங்கினான், கோடீஸ்வர ஊருன்னு பத்திரிக்கையில எழுதினாங்க. அதைப் பாத்துட்டு நாடு முழுக்க நட்டாங்க. 2020க்குள்ள மொத்தம் 50,000 ஹெக்டேர் போதும்னு அரசாங்கம் திட்டம் போட்டிருந்துச்சு, 2017ல பாத்தா ஒன்றரை லட்சம் ஹெக்டேர் தாண்டிருச்சு. காப்பியை வெட்டிட்டு நட்டவங்க, ரப்பரை வெட்டிட்டு நட்டவங்க, தண்ணி நிக்கிற பள்ளத்துல கூட நட்டவங்க.

ஊருக்கு வெளிய ஒரு இடத்துல வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாலையில இருந்து பள்ளம் வரைக்கும் வரிசையா காங்கிரீட் தூண், ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கும், நூத்துக்கணக்குல. ஒண்ணுலயும் கொடி இல்ல. சில தூண்ல காஞ்ச வேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, விரல் வச்சா பொடியுது. தூணைப் பிடுங்குறதுக்குக் கூலி குடுக்கக் காசு இல்லாம அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. கஜா முடிஞ்ச மறுநாள் எங்க தோட்டத்துக்குள்ள அப்பா எப்படி நின்னாரோ அப்படி நின்னேன்.

தோட்டத்துக்காரர் ஒருத்தர், சூ முறை, அம்பது வயசு இருக்கும், வந்து பேசினார். அவர் முதல்ல சொன்ன வார்த்தை "செத் ஞான்". எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. தம்பி விளக்கினார், "செத்"னா சாவு, "ஞான்"னா வேகமா. நம்ம வாடல் நோய்தான் அது, நல்லா பச்சையா நிக்கிற கொடி ஒரு வாரத்துல இலையைக் கொட்டிட்டு, கணுக் கணுவா கழண்டு விழுந்துரும். இன்னொண்ணு "செத் சம்", மெதுவா சாகுறது, வேர்ல நூற்புழு ஏறி ஒரு வருஷம் ரெண்டு வருஷம் மஞ்சளாகி மஞ்சளாகிப் போறது. செத்துப்போறதுக்கு இவங்க வார்த்தையும் நம்ம வார்த்தையும் காதுக்கு ஒண்ணாவே கேக்குது. தற்செயலாத்தான் இருக்கும், ஆனா செத்த தோட்டத்துக்குள்ள நின்னு கேக்குறப்ப உடம்பு சிலிர்த்துருச்சு.

ஏன் செத்துச்சுன்னு கேட்டேன். அவர் கீழ உக்காந்து ஒரு தூணைச் சுத்தி விரலால வட்டம் போட்டார். இங்க ஆறு மாசம் மழை, ஆறு மாசம் சொட்டு இல்ல. வெயில் காலத்துல போர்த் தண்ணி விட்டு வளக்கணும், அதுக்காக கொடியைச் சுத்திப் பாத்தி கட்டி வச்சாங்க. மழைக்காலம் வந்தா அதே பாத்தியில தண்ணி நின்னு வேர் அழுகுது, பூஞ்சை ஒரு கொடியில இருந்து அடுத்த கொடிக்குத் தண்ணியோட போகுது. ஹெக்டேருக்கு 1,600ல இருந்து 2,000 தூண், நெருக்கம். வெத்துத் தூண்ல நிழல் இல்ல, வெயில் முழுசா விழுந்தா காய் அள்ளிக் குடுக்கும், அதுக்கு ஈடா ரசாயன உரத்தைக் கொட்டணும், மண்ணு புளிச்சுப் போச்சு, வேர் பலம் போச்சு. ரெண்டரை டன் எப்படி வருதுன்னு கேட்டு வந்தேன்ல, பதிலும் இதுதான், இந்த ஊரு செத்த கதையும் இதேதான்.

2016, 17, 18ல இங்கயும் பக்கத்துல சு பூவுலயும் கொடி கூட்டங்கூட்டமா போச்சு. அதே நேரத்துல விலையும் இறங்கி 2020 ஆரம்பத்துல 40,000 டாங்குக்கும் கீழ வந்துச்சு, பறிப்புக் கூலிக்கே பத்தாது. நிலப் பத்திரத்தை இவங்க சிவப்புப் புத்தகம்னு சொல்றாங்க, அட்டை சிவப்பா இருக்கும். முக்காவாசி வீட்டுச் சிவப்புப் புத்தகம் பேங்குல இருந்துச்சாம். வாலிபப் பசங்க சைகோன், பின் துவோங் பக்கம் கம்பெனி வேலைக்குக் கிளம்பிட்டாங்க, வீட்டுல வயசானவங்களும் பேரப்பிள்ளைகளும்தான். அவர் தங்கச்சி குடும்பமும் அப்படிப் போனதுதானாம், இன்னும் திரும்பல.

நம்ம ஊர்ல விலை விழுந்தப்ப வியட்நாம்காரன் கொழிக்கிறான்னு நினைச்சோம். அதே வருஷம் இவங்க ஊரை விட்டுப் போய்க்கிட்டு இருந்திருக்காங்க. இது எங்க யாருக்கும் தெரியாது.

நாள் 5

நேத்து பேசின சூ இன்னைக்கு அவர் தோட்டத்துல பறிப்பு, வந்து பாருன்னார். அவருக்கு மிஞ்சினது முக்கால் ஹெக்டேர். மிஞ்சினதுக்குக் காரணம் இருக்கு, அவர் அப்பா பணம் இல்லாம காங்கிரீட் தூண் வாங்க முடியாம உயிர் மரத்துல ஏத்தினவர். கூபாபுல், இலவம், இன்னும் ரெண்டு மூணு மரம், கொஞ்சம் நிழல், கீழ புல்லைச் செதுக்காம விட்டு, சாணி உரமும், வேர் அழுகலைத் தடுக்குற டிரைக்கோடெர்மாங்கிற நல்ல பூஞ்சையும். பாத்தி கிடையாது, வரிசைக்கு வரிசை வடிகால் வாய்க்கா. விளைச்சல் தூண் தோட்டத்தை விடக் கம்மி, ஆனா இருபது வயசுக் கொடி இன்னும் நிக்குது. இப்ப அரசாங்கமும் கம்பெனிக்காரங்களும் இதைத்தான் செய்யச் சொல்றாங்களாம்.

பறிப்பு இங்க பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும், டெத் புத்தாண்டு முடிஞ்ச கையோட ஆரம்பிச்சுரும். கொடிக்குக் கீழ வலையை விரிச்சு, மூணு கால் அலுமினிய ஏணியை மரத்தைச் சுத்தி நகத்தி நகத்தி வைக்கிறாங்க. எங்க ஊர்ல ஒத்தை மூங்கில்ல கணுவை மிதிச்சு ஏறுவாங்க, வருஷத்துக்கு ஒருத்தராவது விழுவாங்க, அதனால அந்த ஏணியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கிட்டேன். சரத்துல ஒண்ணு ரெண்டு காய் சிவந்தா சரத்தோட கிள்ளி வலையில போட்டுர வேண்டியதுதான். ஜராய் பொம்பளைங்க நாலு பேரு, முதுகுல மூங்கில் கூடை, பேசிக்கிட்டே கிள்ளுறாங்க, கை நிக்கவே இல்ல. நானும் ஒரு ஏணியில ஏறிப் பறிச்சேன், அந்தப் பச்சைக் காய் வாசமும் கையில ஒட்டுற பிசுபிசுப்பும் எங்க வீட்டுலது மாதிரியே, ஒரு மாத்தமும் இல்ல.

பறிச்ச சரத்தை சின்ன மெஷின்ல போட்டா காய் தனியா காம்பு தனியா வந்துரும். தார்பாய்ல மூணு நாலு நாள் வெயில். மூணு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காஞ்ச மிளகு, இந்தக் கணக்கும் நம்ம கணக்குதான். பறிப்பு முடிஞ்சா ஒண்ணு ரெண்டு மாசம் தண்ணியே விடாம கொடியை வாட விடுறாங்க, அப்புறம் முதல் மழைக்கு மொத்தமா ஒரே சீரா பூ வருமாம். இதை அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லணும்.

சாயங்காலம் ரெண்டு மூட்டையோட ஏஜெண்ட் கடைக்குப் போனோம். இது நான் ஆசையா எதிர்பாத்தது. ஏஜெண்டம்மா மூட்டைக்குள்ள கையை முழங்கை வரைக்கும் விட்டு அடியில இருந்து ஒரு பிடி எடுத்தாங்க, ஈரம் பாக்குற மெஷின்ல போட்டாங்க, அப்புறம் ஒரு லிட்டர் குவளையில தலைக்குத் தலை நிரப்பி ஸ்கேலால மட்டம் தட்டி எடை போட்டாங்க. லிட்டர் வெயிட்! நம்ம யாவாரிங்களும் இதையேதான் பாப்பாங்க. லிட்டருக்கு 500 கிராம் நின்னா அடிப்படை விலை, ஏற்றுமதியில 550 தரம்னு ஒண்ணு தனியா இருக்கு, அதுக்கு விலை கூட. சூவோட மிளகு 540க்கு மேல நின்னுச்சு, அவர் முகத்தைப் பாக்கணுமே.

நான் போனப்ப விலை கிலோ ஒன்றரை லட்சம் டாங்குக்கு மேல, கிட்டத்தட்ட நம்ம 500 ரூபா. ஒரு காலத்துல மூட்டையை ஏஜெண்ட்கிட்ட போட்டு வச்சுட்டு விலை ஏறுறப்ப வந்து காசு வாங்குவாங்களாம், பேங்குல போடுற மாதிரி. அப்படிப் போட்டு வச்சதை ஒரு ஏஜெண்ட் வித்துட்டு ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டே போயிட்டதா சூ சொன்னார், அவருது ஒரு டன்னுக்கு மேல அதுல போச்சாம். அதுல இருந்து காய வச்ச மிளகை படுக்குற ரூம்லயே அடுக்கி வச்சிருக்கார், அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கூரை வரைக்கும் மூட்டை. காலையில எந்திரிச்சதும் ஃபோன்ல விலையைப் பாக்குறது, விக்கலாமா வேணாமான்னு வீட்டம்மா கூட சண்டை போடுறது, இதெல்லாம் நேர்ல பாத்தேன். எங்க வீட்டுல இருக்கிற மாதிரியே இருந்துச்சு.

கிளம்புறப்ப ஒரு கிலோ மிளகுக்குக் காசு குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டார். நானும் மிளகு விவசாயி வீட்டுப் பிள்ளைன்னு தம்பி சொன்னதுக்கு அப்புறம் ரெண்டு கிலோவா ஆக்கிக் கட்டிக் குடுத்தார்.

நாள் 6

சுசேக்குப் பக்கத்து நகரம் ப்ளெய்குவுல இருந்து ஒரு மணி நேர விமானம், திரும்ப சைகோன். மத்தியானம் பின் துவோங் பக்கம் ஒரு ஏற்றுமதி ஃபேக்டரியை சுத்திப் பாக்க அனுமதி கிடைச்சுது, போட்டோ மட்டும் கூடாதுன்னாங்க. வந்த மிளகைச் சலிச்சு, கல்லு பிரிச்சு, காத்துல தூத்தி கனம் வாரியா பிரிச்சு, கடைசியில நீராவியில கிருமி நீக்கம் பண்ணி, காய வச்சு, ஆள் கை படாம பைக்குள்ள போகுது. ஐரோப்பாக்காரன் மருந்து எச்சம் ரொம்பப் பாப்பான், வாடல் நோய்க்கு அடிக்கிற மெட்டலாக்சில்தான் அவங்க பெரிய தலைவலி. அதனாலயே தோட்டத்துல என்ன மருந்து எப்ப அடிச்சாங்கன்னு எழுதி வைக்கிற விவசாயிகிட்ட கூடுதல் விலை குடுத்து வாங்குறாங்க. சூ வீட்டுச் சுவத்துல தொங்குன நோட்டு எதுக்குன்னு இப்பதான் புரிஞ்சுது.

பிரேசில், கம்போடியா, இந்தோனேசியாவுல இருந்து கூட மிளகு இங்க வந்து சுத்தமாகி திரும்பக் கப்பல் ஏறுது. 2016ல 1.78 லட்சம் டன் ஏற்றுமதிக்கு 140 கோடி டாலர் வந்துச்சு. 2023ல 2.6 லட்சம் டன் அனுப்பியும் 91 கோடிதான். 2024ல 2.5 லட்சம் டன்னு, ஆனா விலை ஏறினதால 130 கோடி டாலர். அமெரிக்கா, ஜெர்மனிதான் பெரிய கிராக்கி, நம்ம நாடும் வாங்குற பட்டியல்ல இருக்கு. நட்ட பரப்பு ஒன்றரை லட்சம் ஹெக்டேர்ல இருந்து 1.1 லட்சம் பக்கம் இறங்கிருச்சு, துரியனும் காப்பியும் இழுக்குது, அதனாலதான் இந்த விலை நிக்குதுன்னு அங்க இருந்த மேனேஜர் சொன்னார். எங்க ஊர்ல போன வருஷம் கிடைச்ச நல்ல விலைக்குப் பின்னால சுசேயில கொடி ஏறாத அந்தத் தூணுங்களும் இருக்கு. ராத்திரி ரூமுக்கு வந்தும் அதே ஞாபகம்தான்.

நாள் 7

கடைசி நாள். ட்ருவோங் தின் தெருவுல மாரியம்மன் கோயில், பென் தான் மார்க்கெட்டுல இருந்து நடக்குற தூரம். நம்ம ஆளுங்க இங்க வட்டிக் கடையும் ஜவுளிக் கடையும் வச்சிருந்த காலத்துல கட்டினது. நான் போனப்ப உள்ள தமிழ் ஆளுங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான், ஆனா கோயில் நிறைய கூட்டம், எல்லாரும் வியட்நாம்காரங்க. கையில ஊதுவத்தியும் பூவும் பழமும் வச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க, ஆத்தாவை ஆத்தாவாவே கும்பிடுறாங்க.

உப்பு மிளகு போடுறதுக்குன்னு தனியா இடம் எதுவும் கண்ணுல படல. எல்லாரும் பழம் வைக்கிற மேடையில ஓரமா ஒரு வாழை இலைத் துண்டு கிடந்துச்சு, அதுல அம்மா குடுத்த கல்லு உப்பைக் கொட்டி, மேல சூ குடுத்த மிளகை ஒரு பிடி போட்டேன். பக்கத்துல நின்ன ஒரு வயசான அம்மா என்னைப் பாத்தாங்க, இலையைப் பாத்தாங்க, ஒரு மிளகை எடுத்து நகத்தால கீறி மோந்து பாத்துட்டு "தியேவ் சுசே?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன். அவங்க ஊரு அதுவாத்தான் இருக்கணும், இல்லேன்னா மோந்த உடனே எப்படித் தெரியும். அந்த ஒத்தை மிளகை கைக்குட்டையில முடிஞ்சு வச்சுக்கிட்டாங்க.

ராத்திரி விமானம். பைக்குள்ள மீதி மிளகு இருக்கு, அப்பாவுக்கு.